மருந்துக்கடைப் பட்டியலை வைத்து ஒரு பாடம்: எக்செல் செல்கள் மதிப்புக்கேற்பத் தாமாக நிறம் மாற முழுமையான வழிகாட்டி

பெரியப்பாவின் மருந்துக்கடையில் ஏறத்தாழ நானூறு வகை மருந்துகள் உண்டு. இருப்புப் பட்டியல் எக்செலில் இருந்தது. ஒருநாள் அலமாரியின் பின்வரிசையிலிருந்து காலாவதியான இருமல் மருந்து ஆறு பாட்டில் வெளியே வந்தது. பட்டியலைத் திறந்து பார்த்தோம். அந்த மருந்தின் தேதி அதில் சரியாகவே இருந்தது. நானூறு வரிகளுக்கு நடுவே அந்த ஒரு வரிக்கு யார் கண்ணும் போகவில்லை, அவ்வளவுதான். அன்று மாலையே உட்கார்ந்து, காலாவதியாகப் போகும் வரிகள் தாமாக நிறம் மாறும்படி செய்தேன். அதற்கு எக்செலில் இருக்கும் வசதியின் பெயர் கண்டிஷனல் ஃபார்மேட்டிங். ஒரு நிபந்தனை சொல்கிறோம். அது எந்த செல்லில், அதாவது எந்தக் கட்டத்தில், உண்மையாகிறதோ அந்த செல் நாம் சொன்ன நிறத்துக்கு மாறும். மதிப்பு மாறினால் நிறமும் மாறும்.

இந்த வசதி எக்செல் 97 பதிப்பிலேயே வந்துவிட்டது. 2003 பதிப்பு வரை ஒரு செல்லுக்கு மூன்று நிபந்தனைகள்தான் வைக்க முடியும். 2007இல் அந்த வரம்பு போய்விட்டது. அதனால் கீழே சொல்வதெல்லாம் 2007க்குப் பிறகு வந்த எந்த எக்செலிலும் நடக்கும். கூகுள் ஷீட்ஸ், லிப்ரெஆபீஸ் இரண்டிலும் என்ன மாறும் என்பதைக் கடைசிப் பகுதியில் தனியாகச் சொல்கிறேன்.

ஒரு சிறு குறிப்பு. ஃபார்முலாக்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது நெடுவரிசையின் பெயரையும் ஃபார்முலாவின் பெயரையும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். "ஏ2" என்று இருந்தால் முதல் ஆங்கில எழுத்தும் 2 என்ற எண்ணும். டாலர் குறி, அடைப்புக்குறி, காற்புள்ளி எல்லாம் உள்ளபடியே.

நிறம் எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மௌஸைத் தொடும் முன் ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள்: இந்த நிறத்தைப் பார்த்ததும் நான் என்ன வேலை செய்வேன்? எங்கள் கடைக்கு மூன்று பதில்கள் கிடைத்தன. சிவப்பு என்றால் உடனே அலமாரியிலிருந்து எடுத்துத் தனிப்பெட்டியில் போட வேண்டும். ஆரஞ்சு என்றால் ரிட்டர்ன் அனுப்ப வேண்டும். நீலம் என்றால் ஆர்டர் போட வேண்டும். தினசரி வேலைக்கு இந்த மூன்று பின்னணி நிறம் போதும் என்பதால் வேறு வைக்கவில்லை. "இருப்பு போதுமான அளவு இருக்கிறது" என்று சொல்லப் பச்சை வைக்கலாமே என்று பலர் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். நல்ல நிலையில் இருப்பதற்கும் நிறம் கொடுத்தால் பட்டியல் முழுவதும் வண்ணமாகி, பார்க்க வேண்டியது மறுபடியும் மறைந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கச் சிரமப்படுகிறவர்கள், குறிப்பாக ஆண்களில், நாம் நினைப்பதைவிட அதிகம். கடையில் அச்செடுக்கும் பிரின்டரும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். அதனால் மிக அவசரமானதற்கு நிறத்தோடு தடித்த எழுத்தையும் சேர்த்து வையுங்கள். அச்சில் நிறம் போனாலும் தடிப்பு தெரியும்.

படி 1: பட்டியலைச் சரியாக வையுங்கள்

நான் வைத்திருக்கும் அமைப்பு இது. முதல் வரியில் தலைப்புகள். ஏ நெடுவரிசையில் மருந்தின் பெயர், பி-யில் பேட்ச் எண், சி-யில் எக்ஸ்பயரி, டி-யில் கைவசம் உள்ள இருப்பு, ஈ-யில் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய அளவு, எஃப்-இல் நிலை. விவரங்கள் 2ஆம் வரியில் தொடங்கி 500 வரை.

நிறம் தப்பாக விழுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தப் படியில்தான் இருக்கும். அதனால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எக்செலுக்குத் தேதி என்பது ஓர் எண். 1900 ஜனவரி 1ஆம் தேதியை 1 என்று வைத்து அது எண்ணிக்கொண்டே வருகிறது. 2026 ஆகஸ்ட் 1 என்பது அதற்கு 46235. நாம் பார்க்கும் நாள், மாதம் எல்லாம் அந்த எண்ணுக்குப் போட்ட சட்டை. எண்ணாக இருந்தால்தான் "இன்றைக்கு முன்பா, பின்பா" என்று ஒப்பிட முடியும். "ஆக 2026" என்று தமிழில் தட்டினால் அது வெறும் எழுத்து. அதை வைத்து எக்செல் ஒன்றும் கணக்கிடாது.

நம் நாட்டு மருந்து அட்டைகளில் எக்ஸ்பயரி மாதமும் ஆண்டுமாகத்தான் அச்சாகியிருக்கும். 08/2026 என்று ஆண்டை நான்கு இலக்கத்தில் தட்டினால் எக்செல் அதை 2026 ஆகஸ்ட் 1 என்று எடுத்துக்கொள்ளும். 08/26 என்று சுருக்கித் தட்டாதீர்கள். கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அது இந்த ஆண்டின் ஆகஸ்ட் 26 ஆகிவிடும். பல கணினிகளில் விண்டோஸ் நிறுவும்போதே அமெரிக்க முறை வந்து உட்கார்ந்திருக்கும். யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

இருப்பிலும் இதே கவனம் வேண்டும். "20 ஸ்ட்ரிப்" என்று தட்டினால் அது எண்ணாக இருக்காது, எழுத்தாகிவிடும். எண்ணையும் எழுத்தையும் ஒப்பிட்டால் எக்செல் எப்போதும் எழுத்தைத்தான் பெரியது என்று சொல்லும். "2 ஸ்ட்ரிப்" என்று எழுதிய மருந்து எந்தக் காலத்திலும் "10க்குக் குறைவு" என்ற விதியில் சிக்காது. ஸ்ட்ரிப் என்ற சொல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால், வெறும் 20 மட்டும் தட்டிவிட்டு, கன்ட்ரோல் விசையோடு 1 அழுத்தி, நம்பர் பகுதியில் கஸ்டம் தேர்ந்தெடுத்து, 0 "ஸ்ட்ரிப்" என்று கொடுங்கள். உள்ளே எண், வெளியே சொல்.

செல்லுக்குள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்ற அமைப்பை நாம் மாற்றாத நிலையில், எண்ணும் தேதியும் செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். ஒரு பார்வையில் கண்டுபிடிக்க இது போதும். நானூறு வரிகளுக்குக் கண்ணை நம்ப வேண்டாம். அதையும் நிறத்திடமே விட்டுவிடுவோம். எப்படி என்று படி 3இல் வருகிறது.

படி 2: முதல் விதி, மூன்றே சொடுக்கில்

டி2 முதல் டி500 வரை இழுத்துத் தேர்ந்தெடுங்கள். ஹோம் தாவலில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் பொத்தானைச் சொடுக்குங்கள். ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ் என்பதன் மேல் போனால் ஒரு பட்டியல் விரியும். அதில் லெஸ் தேன். வரும் சிறு பெட்டியில் 10 என்று தட்டி, பக்கத்தில் நிறத்தைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். கையிருப்பு 10க்குக் கீழே உள்ள செல்கள் அப்போதே நிறம் மாறும். ஏதாவது ஒரு செல்லில் 50 என்று தட்டிப் பாருங்கள், நிறம் போய்விடும். மறுபடி 3 தட்டுங்கள், வந்துவிடும்.

அதே பட்டியலில் கிரேட்டர் தேன், பிட்வீன், ஈக்வல் டு, டெக்ஸ்ட் தட் கன்டெய்ன்ஸ், டூப்ளிகேட் வேல்யூஸ் எல்லாம் இருக்கின்றன. பெயரிலேயே பொருள் இருப்பதால் தனித்தனியாக விளக்கவில்லை. மாணவர் மதிப்பெண்ணில் 35க்குக் கீழே, மின்கட்டணத்தில் 2000க்கு மேலே என்று எல்லாருக்கும் ஒரே எல்லை பொருந்தும் இடத்தில் இவை போதும்.

மருந்துக்கடைக்குப் போதாது. பாராசிட்டமால் பத்து ஸ்ட்ரிப் என்பது காய்ச்சல் சீசனில் அரை நாளைக்குக்கூட வராது. எப்போதாவது கேட்கப்படும் ஓர் ஊசி மருந்து இரண்டு இருந்தாலே நிறைவு. ஆகவே ஒவ்வொரு மருந்தும் அதனதன் ஈ நெடுவரிசை எண்ணோடு ஒப்பிடப்பட வேண்டும். அங்கேதான் ஃபார்முலா விதி தேவைப்படுகிறது. இப்போது போட்ட விதியை நீக்கிவிடுங்கள்: கண்டிஷனல் ஃபார்மேட்டிங், கிளியர் ரூல்ஸ், ஃப்ரம் செலக்டட் செல்ஸ்.

படி 3: ஃபார்முலா விதியும் டாலர் குறியும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் இரண்டு தடவை படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

ஏ2 செல்லில் சொடுக்கி, அங்கிருந்து எஃப்500 வரை இழுத்துத் தேர்ந்தெடுங்கள். கண்டிஷனல் ஃபார்மேட்டிங், நியூ ரூல். வரும் பெட்டியில் உள்ள கடைசி வகை, ஃபார்முலா கொண்டு எந்த செல்லுக்கு நிறம் என்று தீர்மானிப்பது. அதைத் தேர்ந்தெடுத்து இப்படித் தட்டுங்கள்:

=$டி2<$ஈ2

ஃபார்மேட் பொத்தானில் ஃபில் பகுதிக்குப் போய் வெளிர் நீலம் கொடுத்து ஓகே. இருப்பு குறைந்த மருந்துகளின் வரி முழுவதும் நீலமாகும்.

நாம் 2ஆம் வரியைப் பற்றி மட்டும்தானே எழுதினோம், 317ஆம் வரிக்கு எப்படித் தெரிந்தது? தேர்ந்தெடுத்த பகுதியில் வெள்ளையாகத் தெரியும் முதல் செல் ஒன்று இருக்கிறதே, நாம் எழுதும் ஃபார்முலா அந்த செல்லுக்கு உரியது. மற்ற செல்களுக்கு எக்செல் அதைத் தானே நகர்த்தி எழுதிக்கொள்ளும். ஒரு வரி கீழே போனால் 2 என்பது 3 ஆகும். ஒரு நெடுவரிசை வலப்பக்கம் போனால் டி என்பது ஈ ஆகும். டாலர் குறி என்பது "இதை மட்டும் நகர்த்தாதே" என்று போடும் பூட்டு. எழுத்துக்கு முன் டாலர் போட்டால் நெடுவரிசை பூட்டப்படும். எண்ணுக்கு முன் போட்டால் வரி பூட்டப்படும்.

நமக்கு என்ன வேண்டும்? ஒரே வரியில் உள்ள ஆறு செல்களும் அதே டி-யையும் ஈ-யையும்தான் பார்க்க வேண்டும். ஆனால் கீழே இறங்க இறங்க வரி மாற வேண்டும். ஆகவே எழுத்துக்கு முன் டாலர் உண்டு, எண்ணுக்கு முன் இல்லை. டாலரே போடாமல் டி2<ஈ2 என்று எழுதினால், ஏ செல் சரியாக டி-யைப் பார்க்கும். பி செல்லோ ஈ-யையும் எஃப்-ஐயும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். நிறம் அங்கங்கே துண்டுதுண்டாக விழும். $டி$2<$ஈ$2 என்று இரண்டையும் பூட்டினால் எல்லா வரிகளும் 2ஆம் வரியையே பார்க்கும். முழுப் பட்டியலும் நீலமாகும், அல்லது ஒன்றுமே ஆகாது.

தேர்ந்தெடுப்பு எங்கே தொடங்குகிறது என்பதும் இதே அளவு முக்கியம். தலைப்பையும் சேர்த்து ஏ1இலிருந்து தேர்ந்தெடுத்துவிட்டு 2 என்று எழுதினால், 1ஆம் வரி 2ஐப் பார்க்கும், 2ஆம் வரி 3ஐப் பார்க்கும். குறைந்த மருந்துக்கு ஒரு வரி மேலே நிறம் விழும். "எல்லாம் ஒரு வரி தள்ளித் தெரிகிறது" என்று யாராவது சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தட்டும்போது எரிச்சல் தரும் ஒரு விஷயம்: ஃபார்முலா பெட்டிக்குள் திருத்துவதற்காக அம்புக்குறி விசையை அழுத்தினால், கர்சர் நகராமல் ஏதோ ஒரு செல்லின் பெயர் உள்ளே வந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் எஃப்2 விசையை அழுத்திவிட்டால் அம்புக்குறி ஒழுங்காக நகரும். செல்லை மௌஸால் சொடுக்கி உள்ளே கொண்டுவந்தால் இரண்டு டாலரோடு வரும். எஃப்4 விசையை அழுத்தி அழுத்தித் தேவையானதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இனி இந்த விதியைக் கொஞ்சம் கூர்மையாக்குவோம். ஃபார்முலாவில் காலி செல் 0 என்றே கணக்காகும். இருப்பு எண்ணிப் பதியாத மருந்தும் இருப்பே இல்லாத மருந்தும் ஒரே நிறமாகிவிடும். இரண்டும் வேறு வேறு வேலை. ஆகவே:

=அண்ட்($டி2<>"",$டி2<$ஈ2)

அண்ட் என்பது இரண்டு நிபந்தனையும் உண்மையானால்தான் என்று சொல்வது. இரட்டை மேற்கோளுக்குள் ஒன்றும் இல்லாவிட்டால் அது காலி.

எங்கள் கடையில் இதுவும் போதவில்லை. ஒரே மருந்து இரண்டு பேட்சாக வந்திருக்கும். பட்டியலில் இரண்டு வரி. ஒன்றில் 6 ஸ்ட்ரிப், இன்னொன்றில் 30. குறைந்தபட்சம் 15 என்று வைத்திருந்தால், கையில் 36 இருந்தும் முதல் வரி நீலமாகி ஆர்டர் போடச் சொல்லும். ஆகவே அதே பெயருள்ள எல்லா வரிகளையும் கூட்டி ஒப்பிட வேண்டும்:

=சம்இஃப்($ஏ$2:$ஏ$500,$ஏ2,$டி$2:$டி$500)<$ஈ2

இங்கே டாலரின் இரண்டு வேலைகளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். தேடும் பகுதி எங்கும் நகரக் கூடாது, அதற்கு இரண்டு பூட்டு. தேடும் பெயர் வரிக்கு வரி மாற வேண்டும், அதற்கு ஒரே பூட்டு. ஒரே மருந்தின் எல்லா வரிகளிலும் ஈ-யில் ஒரே எண்ணைப் போட மறக்காதீர்கள்.

படி 1இல் சொன்ன எழுத்து, எண் குழப்பத்தைப் பிடிக்கும் விதியையும் இப்போதே போட்டுவிடலாம். சி2 முதல் ஈ500 வரை தேர்ந்தெடுத்து, நியூ ரூலில் இதைக் கொடுங்கள்:

=ஐஎஸ்டெக்ஸ்ட்(சி2)

மஞ்சள் நிறம் வையுங்கள். இதில் டாலரே இல்லை. ஒவ்வொரு செல்லும் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதால் இரண்டு பக்கமும் நகர வேண்டும். மஞ்சள் தெரிந்தால் அந்த செல்லில் எண்ணோ தேதியோ இல்லை, எழுத்து இருக்கிறது என்று பொருள். இந்த விதியை நான் முதன்முதலில் போட்ட அன்று முப்பதுக்கும் மேற்பட்ட தேதிகள் மஞ்சளாயின. அவற்றைத் திருத்தி முடித்த பிறகு மஞ்சள் தினசரி நிறங்களில் ஒன்றாக இல்லை. புதிதாகத் தப்பு தட்டினால் மட்டும் எட்டிப் பார்க்கும்.

படி 4: காலாவதி

மருந்து அட்டையில் 08/2026 என்று இருந்தால், நம் மருந்து விதிகளின்படி ஆகஸ்ட் மாதத்தின் கடைசி நாள் வரை அது செல்லும். எக்செலோ அதை ஆகஸ்ட் 1 என்று வைத்திருக்கிறது. நேரடியாக இன்றைய தேதியோடு ஒப்பிட்டால், ஆகஸ்ட் 2ஆம் தேதியே நல்ல மருந்தைக் காலாவதி என்று சொல்லிவிடும். ஆகவே மாதக் கடைசிக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஈஓமந்த் என்ற ஃபார்முலா. ஈ, ஓ என்ற இரண்டு எழுத்து, அதை ஒட்டி மாதத்துக்கான ஆங்கிலச் சொல், நடுவில் இடைவெளி கிடையாது.

முதலில் ஆரஞ்சு. எத்தனை நாள் முன்பே தெரிய வேண்டும் என்பதை எச்1 செல்லில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் 90 வைத்திருக்கிறோம், ரிட்டர்ன் எடுக்க எங்கள் மொத்த வியாபாரி அந்த அவகாசம் கேட்கிறார். ஏ2 முதல் சி500 வரை தேர்ந்தெடுத்து:

=அண்ட்($சி2<>"",$டி2>0,ஈஓமந்த்($சி2,0)<=டுடே()+$எச்$1)

எச்1க்கு இரண்டு பக்கமும் பூட்டு, ஏனென்றால் எல்லா வரிகளும் அந்த ஒரே செல்லைத்தான் பார்க்க வேண்டும். 90 என்பதை விதிக்குள்ளேயே எழுதியிருக்கலாம். ஆனால் நாளை 120 ஆக்க வேண்டுமென்றால் பெரியப்பா என்னைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். செல்லில் இருந்தால் அவரே மாற்றிக்கொள்வார். டி2 பூஜ்யத்துக்கு மேல் என்று சேர்த்ததற்கும் காரணம் உண்டு: விற்றுத் தீர்ந்த பேட்சின் காலாவதியைப் பற்றி யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

அப்புறம் சிவப்பு. அதே பகுதிக்கு இன்னொரு நியூ ரூல்:

=அண்ட்($சி2<>"",$டி2>0,ஈஓமந்த்($சி2,0)<டுடே())

வெளிர் சிவப்பு, தடித்த எழுத்து.

டுடே என்பது கணினியின் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும் இன்றைய தேதி. கோப்பைத் திறக்கும்போது அது புதுப்பிக்கப்படும். அதனால் நாள் ஆக ஆக நிறம் தானே முன்னேறிக்கொண்டு வரும். கடையில் பழைய கணினி இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் நின்று வரும்போது தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அன்று காலாவதியான மருந்து எல்லாம் நல்ல மருந்தாகத் தெரியும். இதற்காகவே எச்2 செல்லில் =டுடே() என்று போட்டுப் பெரிய எழுத்தில் வைத்திருக்கிறேன். காலையில் திறந்ததும் முதலில் அதைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

படி 5: விதிகளின் வரிசை

ஏற்கனவே காலாவதியான மருந்து ஆரஞ்சு விதிக்கும் பொருந்தும், சிவப்பு விதிக்கும் பொருந்தும். எது ஜெயிக்கும்? கண்டிஷனல் ஃபார்மேட்டிங், மேனேஜ் ரூல்ஸ் திறந்து பாருங்கள். மேலே இருப்பதற்கு முன்னுரிமை. புதிதாகப் போடும் விதி எப்போதும் மேலே போய் உட்காரும் என்பதால்தான் ஆரஞ்சை முதலிலும் சிவப்பைப் பிறகும் போடச் சொன்னேன். மாற்றிப் போட்டிருந்தால், சிவப்பைத் தேர்ந்தெடுத்து மேல்நோக்கிய அம்புக்குறியைச் சொடுக்குங்கள்.

மேனேஜ் ரூல்ஸ் திறந்ததும் "விதிகளே காணோம்" என்று பதறாதீர்கள். அது தேர்ந்தெடுத்த பகுதியின் விதிகளை மட்டும்தான் காட்டும். மேலே உள்ள பெட்டியில் திஸ் வொர்க்ஷீட் என்று மாற்றினால் எல்லாம் வரும்.

இரண்டு விதிகளும் பின்னணி நிறத்தை மாற்றினால்தான் மோதல். ஒன்று பின்னணியையும் இன்னொன்று எழுத்தின் நிறத்தையும் மாற்றினால் இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்தே தெரியும். மோதலைத் தவிர்க்க, நீல விதியின் அப்ளைஸ் டு பெட்டியில் எல்லையை டி2 முதல் ஈ500 வரை என்று சுருக்கிவிட்டேன். இப்போது இடப்பக்கம் காலாவதி, வலப்பக்கம் இருப்பு. ஒரு மருந்தில் இரண்டு பிரச்சினையும் இருந்தால் இரண்டும் தெரியும்.

நிலை என்ற எஃப் நெடுவரிசைக்கு இங்கே வேலை வருகிறது. ரிட்டர்னுக்கு எடுத்துவைத்த பேட்சுக்கு அதில் "ரிட்டர்ன்" என்று எழுதுகிறோம். அதற்குப் பிறகும் அந்த வரி ஆரஞ்சாகவே நின்றால் முடிந்த வேலையும் முடியாத வேலையும் ஒன்றாகத் தெரியும். ஆகவே ஏ2 முதல் எஃப்500 வரை:

=$எஃப்2="ரிட்டர்ன்"

சாம்பல் நிற எழுத்து, நடுவே கோடு. இதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, அந்த வரியின் வலது ஓரத்தில் உள்ள ஸ்டாப் இஃப் ட்ரூ கட்டத்தில் டிக் செய்யுங்கள். இந்த விதி பொருந்திய செல்லில் கீழே உள்ள எந்த விதியும் செயல்படாது. அவரவர் விருப்பப்படி "ரிடர்ன்", "அனுப்பியாச்சு" என்று எழுதினால் பொருந்தாது. டேட்டா தாவலில் உள்ள டேட்டா வேலிடேஷனில் லிஸ்ட் கொடுத்து, சொல்லைத் தேர்ந்தெடுக்க மட்டும் விடுவது நல்லது.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. தனிப்பெட்டிக்குப் போன ரிட்டர்ன் சரக்கையும் சேர்த்தே நீல விதி கூட்டிக்கொண்டிருக்கும். அதை விலக்க, சம்இஃப் என்பதைச் சம்இஃப்எஸ் ஆக்குங்கள்:

=சம்இஃப்எஸ்($டி$2:$டி$500,$ஏ$2:$ஏ$500,$ஏ2,$எஃப்$2:$எஃப்$500,"<>ரிட்டர்ன்")<$ஈ2

கூட்ட வேண்டிய பகுதி இதில் முதலில் வருகிறது. முந்தையதில் கடைசியில் வந்தது. இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் பலர் மாட்டிக்கொள்வார்கள்.

படி 6: இரட்டைப் பதிவு

டூப்ளிகேட் வேல்யூஸ் விதியைப் பேட்ச் எண்ணின் மேல் போட்டால், வேறு வேறு கம்பெனியின் வேறு வேறு மருந்துக்குத் தற்செயலாக ஒரே பேட்ச் எண் இருந்தாலும் நிறம் போட்டுவிடும். பெயரும் பேட்சும் சேர்ந்து ஒன்றாக இருந்தால்தான் அது உண்மையான இரட்டைப் பதிவு. பி2 முதல் பி500 வரை தேர்ந்தெடுத்து:

=கவுண்ட்இஃப்எஸ்($ஏ$2:$ஏ$500,$ஏ2,$பி$2:$பி$500,$பி2)>1

இதற்குப் பின்னணி வேண்டாம், எழுத்துக்கு ஊதா நிறம் போதும். அப்போதுதான் காலாவதி நிறத்தோடு மோதாது.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் நிறம் வராவிட்டால், பெயருக்குப் பின்னால் யாரோ ஓர் இடைவெளி தட்டியிருப்பார்கள். எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி உண்டு: 00123, 123 என்ற இரண்டையும் கவுண்ட்இஃப் வகை ஃபார்முலாக்கள் ஒரே எண்ணாகத்தான் எடுத்துக்கொள்ளும். 15 இலக்கத்துக்கு மேல் போகும் நீண்ட எண்களிலும், முதல் 15 இலக்கம் ஒன்றாக இருந்தால் ஒன்று என்றே சொல்லும். 16 இலக்க அட்டை எண்கள் உள்ள பட்டியலில் இந்த விதியை நம்பி எதையும் அழித்துவிடாதீர்கள்.

வண்ணச் சரிவு, பட்டை, சிறு படம்

கலர் ஸ்கேல், டேட்டா பார், ஐகான் செட் என்று மூன்று அழகான வசதிகள் 2007இல் வந்தன. பார்த்தவுடன் போட்டுவிடத் தோன்றும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இவை வழக்கமாகப் பட்டியலுக்குள்ளேயே ஒப்பிடுகின்றன. சிவப்பிலிருந்து பச்சைக்குப் போகும் கலர் ஸ்கேல் போட்டால், எல்லா மருந்தும் நிறைய இருந்தாலும் அவற்றில் ஆகக் குறைந்தது சிவப்பாகத்தான் தெரியும். ஐகான் செட்டில் உள்ள மூன்று விளக்கும் அப்படித்தான், 33, 67 சதவீத எல்லைகளை வைத்துப் பிரிக்கின்றன. ஒவ்வொரு வரியும் தன் வரியில் உள்ள ஈ நெடுவரிசையோடு ஒப்பிட வேண்டும் என்றால் இவற்றால் முடியாது. மாதவாரி விற்பனையை நீளத்தில் பார்க்க டேட்டா பார் அருமை. எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் பட்டியலில் நான் இவற்றைப் போடுவதில்லை.

நிறத்தைக் கொண்டு வேலை வாங்குவது

தலைப்பு வரியில் நின்று டேட்டா தாவலில் ஃபில்டர் போடுங்கள். சி நெடுவரிசையின் அம்புக்குறியைச் சொடுக்கி ஃபில்டர் பை கலர் போனால், ஆரஞ்சு மட்டும் என்று கேட்கலாம். நானூறு வரி பத்து வரியாகச் சுருங்கும். அதை அப்படியே நகலெடுத்து மொத்த வியாபாரிக்கு அனுப்பலாம்.

சிவப்பு எத்தனை என்று எண்ண வேண்டுமா? நிறத்தை எண்ணும் ஃபார்முலா எக்செலில் கிடையாது. நிறத்துக்குக் காரணமான நிபந்தனையையே எண்ண வேண்டும். நம் தேதிகள் மாதத்தில் எந்த நாளாக இருந்தாலும், நடப்பு மாதத்தின் முதல் நாளுக்கு முந்தியவை எல்லாம் காலாவதிதான்:

=கவுண்ட்இஃப்எஸ்(சி2:சி500,"<"&ஈஓமந்த்(டுடே(),-1)+1,டி2:டி500,">0",எஃப்2:எஃப்500,"<>ரிட்டர்ன்")

இதை எச்3 செல்லில் போட்டிருக்கிறேன். அங்கே 0 இருக்க வேண்டும்.

நாளடைவில் வரும் கோளாறுகள்

ஆறு மாதம் கழித்து மேனேஜ் ரூல்ஸ் திறந்தால் ஆறு விதிக்குப் பதிலாக அறுபது விதி இருக்கும். ஒரு செல்லை நகலெடுத்து இன்னொன்றில் ஒட்டும்போது மதிப்போடு அதன் விதிகளும் சேர்ந்து போகும். எல்லைகள் துண்டு துண்டாகும். ஒட்டும்போது பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் மட்டும் கொடுங்கள். புதிய எக்செல்களில் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்து வி அழுத்தினாலே மதிப்பு மட்டும் ஒட்டும். ஏற்கனவே துண்டாகியிருந்தால் ஒட்டுப்போட முயல வேண்டாம். ஒரே வகை விதிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை டெலீட் செய்து, மீதமுள்ளதன் அப்ளைஸ் டு எல்லையை முழுப் பகுதிக்கும் திருத்துங்கள். இதற்காகவே ஆறு ஃபார்முலாவையும் தனித் தாளில் எழுதிவைத்திருக்கிறேன்.

500ஆவது வரியைத் தாண்டினால் புதிய வரிகளுக்கு நிறம் வராது. தொடக்கத்திலேயே பட்டியலைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் விசையோடு, டேபிள் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை அழுத்தி டேபிளாக மாற்றியிருந்தால், அடியில் வரி சேரும்போது நிறம் போடும் எல்லையும் நீளும். ஃபார்முலாவுக்குள் நாம் எழுதிய 500ஐ மட்டும் ஒருமுறை சரிபாருங்கள், அல்லது ஆரம்பத்திலேயே 2000 என்று எழுதிவிடுங்கள்.

நிறமே வரவில்லை என்றால், விதியில் உள்ள ஃபார்முலாவை ஒரு காலி செல்லில் ஒட்டிக் கீழே இழுத்துப் பாருங்கள். ட்ரூ, ஃபால்ஸ் என்று வரிவரியாகக் காட்டும். பிழை காட்டினால் எங்கே என்று தெரிந்துவிடும். விதிக்குள் இருக்கும்போது பிழையான ஃபார்முலா ஒன்றும் சொல்லாது, நிறம் போடாமல் சும்மா இருந்துவிடும்.

கூகுள் ஷீட்ஸ், லிப்ரெஆபீஸ்

கூகுள் ஷீட்ஸில் ஃபார்மேட் மெனுவில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் திறந்தால் வலப்பக்கம் ஒரு பலகை வரும். நிபந்தனைப் பட்டியலின் கடைசியில் கஸ்டம் ஃபார்முலா இஸ். மேலே உள்ள ஃபார்முலாக்கள் அப்படியே வேலை செய்யும். ஃபார்முலா, அப்ளை டு ரேஞ்ச் பெட்டியில் உள்ள முதல் செல்லுக்கு உரியதாக எழுதப்பட வேண்டும். பெரிய வேறுபாடு ஒன்று: ஒரு செல்லுக்குப் பல விதிகள் பொருந்தினால் மேலே உள்ள ஒன்று மட்டும்தான் நடக்கும். ஊதா எழுத்தும் சிவப்புப் பின்னணியும் சேர்ந்து தெரியாது. அங்கே இரட்டைப் பதிவுக்கு ஜி என்று தனி நெடுவரிசை வைத்துக்கொள்வது நல்லது. இன்னொரு ஷீட்டில் உள்ள செல்லை விதிக்குள் நேரடியாகக் குறிப்பிடவும் முடியாது, இன்டைரக்ட் ஃபார்முலாவுக்குள் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். டுடே கணக்கு உங்கள் கணினியைப் பார்க்காது, அந்தக் கோப்பின் நேர மண்டலத்தைப் பார்க்கும். ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் இந்திய நேரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

லிப்ரெஆபீஸ் கால்க்கில் ஃபார்மேட், கண்டிஷனல், கண்டிஷன். செல் வேல்யூ இஸ் என்பதை ஃபார்முலா இஸ் என்று மாற்றி எழுத வேண்டும். முன்னால் சமக் குறி தேவையில்லை. நிறத்தை நேரடியாகக் கேட்காமல் ஒரு ஸ்டைலின் பெயரைக் கேட்கும். நியூ ஸ்டைல் கொடுத்து "காலாவதி" என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். பிறகு சிவப்பைக் கொஞ்சம் வெளிறச் செய்ய வேண்டுமென்றால் விதிகளைத் தொட வேண்டாம், அந்த ஸ்டைலை மட்டும் திருத்தினால் பட்டியல் முழுவதும் மாறிவிடும்.